பழைய மேசை வாங்கும் முன்: மரத்தின் வயதையும் மேசையின் வயதையும் பிரித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் வீட்டு முன்னறையில் ஒரு தேக்கு மேசை இருக்கிறது. ஆறடி நீளம், மூன்றடி அகலம். "நூறு வருஷத்து மேசைங்க" என்று சொல்லி விற்றார்கள், நம்பி வாங்கினேன். மூன்று மாதம் கழித்து, உருண்டுபோன பேனாவை எடுக்க அடியில் நுழைந்தபோதுதான் அதைப் பார்த்தேன். பலகையின் ஒரு நீள ஓரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு பள்ளம். மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்திருந்தார்கள். அதே ஓரத்தில் மூன்றடி தள்ளி இன்னொரு பள்ளம். இரண்டும் கீல் உட்கார்ந்திருந்த இடம். எதிர் ஓரத்தின் நடுவில் தாழ்ப்பாள் இருந்த வடு.

அது ஒரு கதவு. மரத்துக்கு நூறு வயது இருப்பது உண்மைதான். மேசைக்கு மிஞ்சிப்போனால் இரண்டு வயது இருக்கும்.

பழைய மேசை வாங்கப் போகும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மரத்தின் வயது வேறு, மேசையின் வயது வேறு. மேலே பார்த்தால் இரண்டும் ஒன்றாகத் தெரியும், அடியில் பார்த்தால் பிரிந்துவிடும். பழைய கதவில் செய்த மேசை கெட்ட பொருள் அல்ல. அதைக் கதவு மேசை என்று சொல்லி, அதற்கான விலைக்கு விற்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளம்பும் முன்

ஒரு நல்ல டார்ச், அளவு நாடா, சின்னக் காந்தம், உருப்பெருக்கிக் கண்ணாடி, குண்டூசி, வெள்ளைத் துணி, சின்ன பாட்டிலில் பாலிஷ் ஸ்பிரிட். இவ்வளவு போதும். தரையில் படுக்கப் போகிறீர்கள், அதற்கேற்ற உடையில் போங்கள். பகல் வெளிச்சத்தில் போவது முக்கியம். மஞ்சள் விளக்கின் கீழ் எல்லா மரமும் பர்மா தேக்காகத்தான் தெரியும்.

எங்கே போவது? காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புதுச்சேரியில் சில கடைகள் உண்டு. கேரளப் பக்கம் கொச்சி மட்டாஞ்சேரி. காரைக்குடிக்கு இவ்வளவு மேசைகள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930கள் வரை பர்மா, மலாயா, இலங்கை என்று வட்டித்தொழில் செய்த நகரத்தார்கள் செட்டிநாட்டு ஊர்களில் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் பெல்ஜியம் கண்ணாடியும் அந்த வீடுகளுக்குள் வந்தன. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வரவு நின்றது. அதன்பின் வீடுகள் பங்காளிகளுக்குள் பிரிந்தன, பலர் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள், பங்கு பிரிக்க முடியாத சாமான்கள் கடைக்கு வந்தன. இன்று நீங்கள் பார்க்கும் நல்ல மேசைகளில் பெரும்பகுதி 1880க்கும் 1945க்கும் இடைப்பட்டது என்று வைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினால் ஏமாற மாட்டீர்கள். "இருநூறு வருஷம்" என்று யாராவது சொன்னால் சான்று கேளுங்கள்.

முதல் படி: எந்த வகை மேசை என்று பாருங்கள்

மேசை என்ற சொல்லே போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது, அலமாரியையும் ஜன்னலையும் போல. பாயில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்ட வீட்டுக்கு உயரமான மேசை தேவைப்படவில்லை. நம் ஊருக்கே உரிய பழைய மேசை எது என்றால், அது கணக்குப்பிள்ளையின் சாய்வு மேசைதான். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தால் மடிக்கு மேல் வரும் உயரம், சரிவான மூடி, திறந்தால் பேரேடும் மைக்கூடும் வைக்கும் அறைகள். சிலவற்றில் உள்ளே இன்னொரு ரகசிய அறையும் இருக்கும். நகல்கள் நிறைய வருகின்றன. அசலில் மூடியின் கீழ் ஓரம், எழுதுபவரின் மணிக்கட்டு படும் இடத்தில் மட்டும், சற்றுக் குழிந்து வழவழவென்று இருக்கும். உள்ளே மைக் கறை மரத்துக்குள் இறங்கியிருக்கும். மேலே பூசிய கறை போலத் தெரியாது.

உயரமான மேசைகளெல்லாம் ஐரோப்பிய வடிவங்களை நம் ஆசாரிகள் கைப்படச் செய்தவை. காலைப் பார்த்தால் வடிவம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். எஸ் போல வளைந்த கால், இங்கிலாந்தில் ராணி ஆன் ஆண்ட 1702–1714 காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. அந்தக் காலின் அடியில் பறவை நகம் ஒரு உருண்டையைப் பற்றியிருந்தால், அது 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பரவிய மோஸ்தர். லண்டன் மரச்சாமான் வடிவமைப்பாளர் தாமஸ் சிப்பண்டேல் தன் வடிவங்களை 1754இல் அச்சிட்டு வெளியிட்ட பிறகு லண்டன் பட்டறைகளின் பாணி உலகமெங்கும் போனது. கீழே போகப் போக மெலியும் சதுரக் கால், அந்த நூற்றாண்டின் கடைசியில் வந்த ஹெப்பிள்வைட், ஷெரட்டன் என்ற இரு ஆங்கில வடிவமைப்பாளர்களின் பாணி. நடுவில் ஒரே தூண், அடியில் வாள் போல வளைந்து விரியும் மூன்று நான்கு பாதங்கள் என்றால் ரீஜென்சி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம். பருத்து, பூசணி போலக் கடைசல் செய்து, நுனியில் பித்தளை அல்லது பீங்கான் சக்கரம் வைத்த கால் விக்டோரியா காலம், 1837–1901. வளைந்த மூலைகள், படிக்கட்டு போன்ற கோடுகள், செதுக்கு வேலை இல்லாத வெற்றுப் பரப்பு என்றால் ஆர்ட் டெகோ. 1925இல் பாரிஸில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு உலகைச் சுற்றிய பாணி இது. செட்டிநாட்டு வீடுகளில் 1930களிலும் 40களிலும் செய்த மேசைகளில் இது நிறைய.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பாணியை வைத்து "இதற்கு முன்னால் இருக்க முடியாது" என்று சொல்லலாம், "அந்தக் காலத்தில்தான் செய்தது" என்று சொல்ல முடியாது. ராணி ஆன் காலை 1920இலும் கடைந்தார்கள், இன்றும் கடைகிறார்கள். ஒரே மேசையில் விக்டோரியா காலும் ஆர்ட் டெகோ பலகை ஓரமும் இருந்தால் உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். வாங்குபவர் கேட்டதையெல்லாம் ஒரே சாமானில் செய்து கொடுத்த ஆசாரிகள் நம்மிடம் இருந்தார்கள். அந்தக் கலவைதான் எனக்குப் பிடித்தது. லண்டனில் கிடைக்காத மேசை அது.

டீப்பாய் பற்றி ஒரு வார்த்தை. டீ வைப்பதால் வந்த பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறோம். இந்தியில் மூன்று, பாரசீகத்தில் கால், இரண்டும் சேர்ந்து வந்த சொல் அது. முக்காலிதான் டீப்பாய். நடுத்தூணில் மூன்று பாதம் பிரியும் சின்ன வட்ட மேசையைக் கண்டால் அதுதான் பெயருக்கு உரிய அசல்.

இலங்கையில் தேடுபவர்களுக்கு: காலி (Galle) நகரப் பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டில் செய்த வட்ட மேசைகள் தனி ரகம். முதிரை, கருங்காலி, கலமந்தர் என்று அந்தத் தீவின் பல மரத் துண்டுகளை நட்சத்திரம் போலப் பதித்திருப்பார்கள். பதிப்பில் ஒரு துண்டு மட்டும் பளிச்சென்று இருந்தால் அது பின்னால் ஒட்டியது.

இரண்டாம் படி: மரம்

பர்மாத் தேக்குக்கு ஏன் இவ்வளவு பெயர்? காட்டில் நின்ற மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையையும் அதை ஒட்டிய வெளிறிய மரமான வெள்ளையையும் வெட்டிவிடுவார்கள். மரம் நின்றபடியே காயும். சுமார் மூன்று வருஷம் கழித்துத்தான் சாய்த்து, யானை வைத்து இழுத்து, ஆற்றில் விட்டு ரங்கூனுக்குக் கொண்டுவருவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, அதற்காகச் செய்தது. நமக்குக் கிடைத்ததோ மெதுவாக, முறையாகக் காய்ந்த மரம். அதோடு அவை இயற்கைக் காட்டில் மெல்ல வளர்ந்த மரங்கள். பலகையின் தலைப்பகுதியில், அதாவது குறுக்கே அறுத்த முகத்தில், உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். வளைய ரேகைகள் நெருக்கமாக இருந்தால் பழைய காட்டு மரமாக இருக்க வாய்ப்பு அதிகம். ரேகைக்கு ரேகை விரல் அகலம் இடைவெளி என்றால் வேகமாக வளர்ந்த தோட்டத் தேக்கு.

தேக்கைத் தொட்டால் லேசான எண்ணெய்ப் பசை தெரியும். அடியில் பாலிஷ் படாத இடத்தை நகத்தால் சுரண்டி முகர்ந்தால் தோல் பை போல ஒரு வாசனை வரும். தோதகத்தி, அதாவது ஈட்டி மரம், இன்னும் கனம். ஊதா கலந்த பழுப்பில் கருப்புக் கோடுகள் ஓடும். தேக்கையே கருப்புச் சாயம் ஏற்றித் தோதகத்தி என்று விற்பதுண்டு. அடியில் சாயம் எட்டாத மூலையில் உண்மை தெரியும். நாகர்கோவில், கேரளப் பக்கத்து மேசைகளில் பலா மரமும் உண்டு. புதிதில் மஞ்சள், வயதானால் செம்பழுப்பு. அதைக் குறைத்து நினைக்க வேண்டாம், அருமையான மரம்.

எடை ஒரு நல்ல சாட்சி. ஆறடிக்கு மூன்றடி பலகை, ஒன்றேகால் அங்குலக் கனம் என்றால் 1.875 கன அடி. மூன்றரை அங்குலச் சதுரத்தில் 29 அங்குல உயரக் கால் நான்கும் சேர்ந்து 0.8 கன அடி. சுற்றுச் சட்டம் ஒரு அரை. மொத்தம் 3.2 கன அடி. காய்ந்த தேக்கு கன அடிக்குச் சுமார் 18 கிலோ என்பதால் 58 கிலோ அளவுக்கு வர வேண்டும். ஒற்றை ஆள் சுலபமாகத் தூக்கி ஓரமாக வைத்தால், உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. இந்தக் கன அடிக் கணக்கு பேரத்துக்கும் உதவும், பின்னால் வருகிறேன்.

அப்புறம் வெள்ளை. வைரம் பாய்ந்த பகுதியைக் கரையான் சுலபத்தில் தொடாது. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியை உளு தின்றுவிடும். கால்களின் உள்மூலை, சட்டத்தின் உள்பக்கம் என்று கண் படாத இடங்களில் வெள்ளை மரம் எவ்வளவு விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நல்ல ஆசாரி கண் படாத இடத்திலும் வெள்ளையை விட்டிருக்க மாட்டார்.

மூன்றாம் படி: அடியில் படுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். நான் குறைந்தது இருபது நிமிடம் எடுத்துக்கொள்வேன். முடிந்தால் இரண்டு பேர் பிடித்து மேசையைக் கவிழ்த்துவிடச் சொல்லுங்கள். மறுக்கும் கடையில் எனக்கு வேலை இல்லை.

முதலில் டார்ச்சை அணைத்துவிட்டு, பலகையின் அடிப்பக்கத்தில் ரேகைக்குக் குறுக்காக விரல் நுனியை மெதுவாக ஓட்டுங்கள். கை இழைப்புளி ஓடிய மரத்தில் மெல்லிய அலைகள் விரலுக்குத் தட்டுப்படும். ஒவ்வொரு அலையும் இழைப்புளித் தகட்டின் அகலம் இருக்கும். மேல்பக்கத்தை நேர்த்தியாக இழைத்தவர்கள் அடிப்பக்கத்தை அவசரமாகத்தான் இழைத்தார்கள். கண்ணாடி போல ஒரே மட்டமாக இருந்தால் மெஷின் இழைப்பு.

இப்போது டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். அறுத்த தடம் தெரியும். நேர் கோடுகளாக, சற்று ஒழுங்கில்லாமல் இருந்தால் இரண்டு ஆள் இழுத்த ரம்பம். வில் போல வளைந்த கோடுகள் என்றால் வட்ட ரம்பம். வெளிநாட்டு வழிகாட்டிகளில், வட்ட ரம்பத் தடம் இருந்தால் சுமார் 1830க்குப் பின் என்று எழுதியிருப்பார்கள். அது சரி. ஆனால் அதன் மறுபக்கத்தை, அதாவது நேர்கோடு என்றால் 1830க்கு முன் என்பதை, நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது. இங்கே கையால் அறுப்பது 20ஆம் நூற்றாண்டிலும் வெகுகாலம் நடந்தது. நேர்கோட்டுத் தடத்தை மட்டும் காட்டி 18ஆம் நூற்றாண்டு என்று சொன்னால் ஏற்காதீர்கள்.

அடுத்து நிறம். பாலிஷ் காணாத அடிப்பலகை, காற்றும் தூசியும் பட்டு வறண்ட பழுப்பாக மாறியிருக்கும். எல்லா இடமும் ஒரே நிறம் அல்ல. ஓரங்களில் கை பட்ட இடம் கருத்திருக்கும், சட்டம் மூடிய இடம் வெளிறியிருக்கும். சாயம் பூசி வயதாக்கிய பலகையில் நிறம் ஒரே சீராக இருக்கும், மூலைகளில் வழிந்த சொட்டு தெரியும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். அழுக்கு சாம்பல் நிறமாக வரும். சாயம் காபி டிகாஷன் போல வரும்.

பிறகு வேலை இல்லாத வேலைகளைத் தேடுங்கள். அடைத்த துளைகள், காரணம் தெரியாத காடிகள், கீல் பள்ளம், பழைய பெயிண்டின் மிச்சம். இந்த மேசைக்கு இந்தத் துளை எதற்கு என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். பதில் இல்லாத துளை, இந்த மரம் முன்பு வேறு சாமானாக இருந்தது என்பதற்கு அடையாளம். உத்தரம், தூண், நிலை, கதவு என்று எதுவாகவும் இருந்திருக்கலாம்.

உளுத் துளைகளும் இதைச் சொல்லும். உளு மரத்துக்குள்ளே சுரங்கம் போட்டு, வெளியே வட்டமாக ஒரு துளை விட்டுப் போகும். மேற்பரப்பில் நமக்குத் தெரிய வேண்டியது அந்த வட்டம் மட்டுமே. சுரங்கமே நீளவாக்கில் பிளந்து, வாய்க்கால் போலப் பரப்பில் ஓடினால், உளு தின்ற பிறகு அந்த மரத்தை யாரோ அறுத்திருக்கிறார்கள். அதாவது பழைய மரம், புது மேசை.

சில மேசைகளின் அடியில் வீட்டு விலாசத்தின், அதாவது குடும்பப் பெயர்களின், முதலெழுத்துகளும் ஓர் எண்ணும் பெயிண்டால் எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்று கிடைத்தால் எந்தக் காரணத்துக்காகவும் அதைத் தேய்த்து அழிக்காதீர்கள். பெரிய பட்டறைகளின் முத்திரையும் சில சமயம் டிராயரின் மேல் விளிம்பில் இருக்கும். கல்கத்தாவின் லாசரஸ் கம்பெனி முத்திரை அப்படித் தேடப்படுவது.

நான்காம் படி: இணைப்பு, ஆணி, பூட்டு

காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஒன்றில் துளை, மற்றொன்றில் நாக்கு இருக்க வேண்டும். குறுக்கே ஒரு மர ஆணியோ மூங்கில் ஆணியோ அடித்துப் பூட்டியிருப்பார்கள். விரலால் தடவினால் அந்த ஆணியின் தலை ஒரு இழை அளவு வெளியே துருத்தும். மரம் வருஷக்கணக்கில் சுருங்கியதால் ஆணி மட்டும் முன்னால் நிற்கிறது. இதைப் போலியாகச் செய்வது கஷ்டம்.

டிராயரை முழுதாக வெளியே இழுங்கள். மூலை இணைப்பு புறா வால் போல விரிந்த பற்களாக இருக்கும். கையால் வெட்டியதில் ஒரு பல் அகலம், ஒரு பல் ஒடுக்கம், பக்கத்தில் ஆசாரி கூர்முனையால் கிழித்த அளவுக்கோடு தெரியும். எல்லாப் பல்லும் அச்சில் வார்த்தது போல இருந்தால் மெஷின். டிராயரின் அடிப்பலகை பிளைவுட் என்றால் பின்னால் மாற்றியது, அல்லது மேசையே பிந்தையது. டிராயர் ஓடும் சட்டத்தில் தேய்மானம் பள்ளமாக விழுந்திருக்க வேண்டும். டிராயரின் அடி விளிம்பிலும் அதற்கு ஒத்த தேய்மானம் வேண்டும். ஒன்று தேய்ந்து ஒன்று தேயாமல் இருந்தால் இரண்டில் ஒன்று வேறு வீட்டுப் பிள்ளை.

ஆணிகள்: சம்மட்டியில் அடித்த சதுர ஆணி பழையது, வட்டக் கம்பி ஆணி 19ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவியது. முனை மழுங்கிய, மரை சீரில்லாத ஸ்க்ரூ சுமார் 1850க்கு முந்தைய வகை; கூர்முனை மெஷின் ஸ்க்ரூ அதற்குப் பிறகு. நட்சத்திர வாய் ஸ்க்ரூ 1930களில் வந்தது. ஒரு ஸ்க்ரூ மாற்றியிருந்தால் பரவாயில்லை. எல்லாமே நட்சத்திரம் என்றால் கேள்வி கேட்க வேண்டும். பழைய இணைப்பில் மஞ்சள் கண்ணாடி போல நொறுங்கும் வஜ்ஜிரம், அதாவது விலங்குத் தோலும் எலும்பும் காய்ச்சிய பசை, இருக்கும். வெள்ளைப் பசை வழிந்து காய்ந்திருந்தால் அண்மைக்காலக் கை.

குமிழும் மூலைத்தகடும் பித்தளைதானா என்று காந்தம் சொல்லும். ஒட்டினால் முலாம் பூசிய இரும்பு. பூட்டில் கோத்ரெஜ் என்று இருந்தால் அந்தப் பூட்டு 1897க்கு முன் இருக்க முடியாது, கம்பெனி தொடங்கியதே அப்போதுதான். பூட்டைச் சுற்றி இன்னொரு பூட்டின் பள்ளம் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தாம் படி: நாடா வைத்து அளந்து பாருங்கள்

மரம் ரேகைக்குக் குறுக்கேதான் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்காது. அதனால் வட்ட மேசையை ரேகையோடும் ரேகைக்குக் குறுக்கேயும் அளந்தால், குறுக்கு விட்டம் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். தேக்கு குறைவாகச் சுருங்கும் மரம் என்பதால் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் நூறு வயது என்று சொல்லப்படும் ஒற்றை மரப் பலகை காம்பஸ் வைத்தது போல வட்டமாக இருந்தால் சந்தேகம் நியாயம்.

உயரம் அடுத்தது. சாப்பாட்டு மேசை 28 முதல் 30 அங்குலம். 18 அங்குலத்தில், பருத்த கடைசல் காலோடு ஒரு மேசை நின்றால், கடைசலின் கடைசி வளையத்தைப் பாருங்கள். வடிவம் பாதியில் வெட்டுப்பட்டது போல முடிந்தால், பெரிய மேசையின் காலை அறுத்து சோபாவுக்கு முன்னால் போட ஏற்றதாக மாற்றியிருக்கிறார்கள். நம் வீடுகளில் தினமும் தரை கழுவுவோம். அதனால் அசல் காலின் கடைசி ஒரு அங்குலம் நீர் குடித்துக் கருத்து, ரேகை மேலெழும்பி, சொரசொரப்பாக இருக்கும். குறுக்குச் சட்டம் இருந்தால் அதில் கால் வைத்த இடம் மட்டும் தேய்ந்திருக்கும். முழுச் சட்டமும் சமமாகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாள் வேலை.

ஆறாம் படி: என்ன குறை பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது

பலகையில் மை, சூடான பாத்திரத்தின் வளையம், நடுவில் ரேகையோடு ஓடும் வெடிப்பு, ஆடும் இணைப்பு: இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை, சிலவற்றைச் சரிசெய்யவே வேண்டாம். ஆடும் கால் என்றால் பெரும்பாலும் பசை விட்டிருக்கும்; பிரித்து மறுபடி ஒட்டினால் போதும். பளிங்குப் பலகையில் விரிசல் இருந்தால் விலை குறைய வேண்டும். பளிங்கைத் தூக்கி, அடியில் தாங்கும் மரச்சட்டம் நனைந்து கெட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பொறுக்கக் கூடாதது இரண்டு. ஒன்று, மெஷின் வைத்துச் சுரண்டிய பலகை. பழைய பரப்பு போனால் திரும்ப வராது. ஓரங்கள் கூர்மை போய் மழுங்கி, செதுக்கு வேலையின் மூக்கு தேய்ந்திருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. மேலே பாலியூரித்தேன் அடித்திருந்தால் நாள்பட்ட பலகையும் பிளாஸ்டிக் போல மின்னும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்கு பாலிஷ், நல்ல செய்தி. ஒன்றும் ஆகாவிட்டால் புதுப் பூச்சு.

இரண்டு, உயிருள்ள பூச்சி. காலின் அடியில் குண்டூசியை அழுத்துங்கள். வெண்ணெயில் போல இறங்கினால் விட்டுவிடுங்கள். தட்டிப் பார்த்து உதிரும் தூளை உள்ளங்கையில் வாங்குங்கள். முகப்பவுடர் போல நைசாக இருந்தால் உளு. கசகசா போல மணி மணியாக இருந்தால் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையான். பின்னது ஆபத்து, வீட்டு நிலைக்கதவுக்கும் தாவும். பழைய, செத்துப்போன துளைகள் உள்ளே கருத்திருக்கும். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

விலை பேசும்போது

முன்பு போட்ட கன அடிக் கணக்கை எடுங்கள். அன்றைய பழைய தேக்கு விலையை விசாரித்து மர மதிப்பைப் போடுங்கள். அது அடித்தளம். கதவு மேசைக்கு மர மதிப்போடு கூலி சேர்த்துக் கொடுக்கலாம். அசல் மேசைக்கு, வேலைப்பாட்டுக்கும் கெடாத பரப்புக்கும் தனியாகக் கொடுப்பது நியாயம். இரண்டடிக்கு மேல் அகலத்தில் ஒட்டே இல்லாத ஒற்றைப் பலகை இருந்தால் நான் அதிகம் பேரம் பேச மாட்டேன். அப்படிப்பட்ட மரம் இனி வளர்ந்து வர நம் ஆயுள் போதாது. ரசீதில் "பழைய மேசை" என்று பொதுவாக எழுதாமல், மரம், அளவு, சுமார் காலம், மாற்றிய பாகங்கள் என்று எழுதி வாங்குங்கள்.

சட்டம் இரண்டு வரியில்: தந்தம் பதித்த மேசையை வாங்காதீர்கள், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் தந்த வணிகத்தைத் தடை செய்கின்றன. எலும்புப் பதிப்பு என்றால் உருப்பெருக்கியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள் தெரியும், தந்தத்தில் குறுக்குமறுக்கான வலைக்கோடு தெரியும். நூறு வயதைத் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப, அதே 1972இல் வந்த தொல்பொருள் சட்டம் இடம் தராது. தோதகத்திக்கு 2017 முதல் சர்வதேசக் கட்டுப்பாடும் கூடியிருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்காக வாங்குபவர்கள் இதைப் பணம் கொடுக்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு

நேராக உள்ளே கொண்டுபோகாதீர்கள். தாழ்வாரத்தில், மற்ற மரச்சாமான் பக்கத்தில் இல்லாமல், அடியில் கருப்பு சார்ட் பேப்பர் விரித்து இரண்டு வாரம் வையுங்கள். தூள் விழுந்தால் பேப்பரில் தெரியும். விழுந்தால் பூச்சி மருந்து அடிப்பவர்களைக் கூப்பிடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, வெயிலில் போடுவது இரண்டும் வேண்டாம். மண்ணெண்ணெய் ஆழத்துக்கு இறங்காது. நாற்றமும் தீ ஆபத்தும்தான் மிச்சம். சித்திரை வெயிலில் ஒரு நாள் போட்டால் நூறு வருஷம் வெடிக்காத பலகையும் வெடிக்கும்.

சுத்தம் செய்ய, பிழிந்த ஈரத்துணி, உடனே காய்ந்த துணி. அப்புறம் மெழுகு. ஒரு பங்கு தேன்மெழுகைத் துருவி, மூன்று பங்கு டர்பன்டைனில் போட்டு மூடி ஓரிரு நாள் வையுங்கள், தானே கரைந்து குழம்பாகும். அடுப்பில் வைக்க வேண்டாம், டர்பன்டைன் தீப்பிடிக்கும். பழைய பருத்தி வேட்டித் துணியில் கொஞ்சமாக எடுத்து ரேகையோடு தேய்த்து, அரை மணி கழித்து இன்னொரு துணியால் பளபளப்பு வரும்வரை துடையுங்கள். வருஷத்துக்கு இரண்டு முறை போதும். சமையல் எண்ணெய் பூசும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது பிசுக்காகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் டிராயர் இறுகும், இழுத்தால் வராது. பதறி ஆசாரியைக் கூப்பிட்டு ஓரத்தை இழைத்துவிடாதீர்கள். தை பிறந்து காற்று காய்ந்ததும் அதுவே தளரும், இழைத்த டிராயரோ கோடையில் கடகடவென்று ஆடும். வெள்ளை மெழுகுவர்த்தி ஒன்றை எடுத்து, டிராயரின் அடி விளிம்பிலும் அது ஓடும் சட்டத்திலும் நான்கு முறை தேய்த்துவிடுங்கள்.